அஞ்சலை அம்மாள் சொன்ன பதிலும் நான் கேட்ட கேள்வியும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நம் ஓய்வூதியர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு என் பணிக்கால நினைவுகளை எழுதித் தரும்படி கவிதா இருமுறை கேட்டார். ஈப்போவில் வரி அலுவலக முகப்பில் என் பக்கத்து நாற்காலியில் பணியாற்றியவர் அவர். இன்னும் அங்கேயே இருக்கிறார். வரித்துறையிலிருந்து அறிவிப்புக் கடிதம் பெற்ற ஒருவர், இப்போதெல்லாம் கைப்பேசியின் முன் முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டியே தாம் இன்னார் என்று மெய்ப்பித்துவிடலாமாம். "உங்க கௌண்டர்ல இப்ப பூச்சாடி வச்சிருக்கோம் அண்ணே" என்றார். நான் வருந்தவில்லை. பாகான் டத்தோவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, எண் சீட்டைக் கையில் பிடித்தபடி அரைநாள் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாவது நல்லதே.

ஆயினும் எழுதாமலே காலம் கடத்தினேன். எழுதத் தொடங்கினால் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை விட்டுவிட இயலாது என்பதை அறிந்திருந்தேன். மூன்று வாரங்களுக்கு முன் நேர்ந்த ஒரு சந்திப்பு அந்தத் தயக்கத்தை முடித்துவைத்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு நின்றது. வரி அலுவலகத்தில் கோப்பு தூக்கும் பணியாளாகச் சேர்ந்தேன். அலுவலக மலாய் மொழியைப் பழைய சுற்றறிக்கைகளிலிருந்தும், இந்தக் கட்டுரைத் தமிழை நூல்நிலையத்திலிருந்தும் கற்றுக்கொண்டேன். தனியாளாகத் தேர்வு எழுதி, இரண்டாம் முறை தேறி, எழுத்தர் ஆனேன். பணியின் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் அடையாளம் சரிபார்க்கும் முகப்பில் கழிந்தன.

அந்த முகப்புக்கு வருபவர் அனைவரும் ஏறக்குறைய ஒரே கடிதத்தோடுதான் வருவார்கள். தங்கள் பெயரிலுள்ள பதிவில் ஐயம் எழுந்துள்ளது, அடையாள அட்டையுடன் நேரில் வரவும் என்பது அதன் சாரம். பெரும்பாலும் யாரோ எங்கோ ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டியதுதான் காரணமாக இருக்கும். அல்லது ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் கொண்ட இருவர் ஒரே தோட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் கடிதத்தைப் பெற்றவருக்கு அது தெரியாது. ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்ற முகத்தோடு வருவார். திருமணத்துக்குப் போவதுபோல் உடுத்தி வந்தவர்கள் உண்டு. ஒருவர், தமக்காகப் பிணை நிற்க மைத்துனரையும் அழைத்து வந்திருந்தார்.

என் மேலதிகாரி திரு. சிற்றம்பலம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றமாட்டார். எந்தத் தாளைப் படித்தாலும் ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, அதை நகர்த்தி நகர்த்தியே படிப்பார். கோல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே நம் பிழை இருக்கிறது என்று பொருள். வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். நாமே குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் முகப்பில் அமர்ந்த முதல் நாள் அவர் என் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு முதியவர் வந்தார். இன்னார் தானே நீங்கள், இன்ன ஊரில் பிறந்தவர் தானே, இன்ன தோட்டத்தில் வேலை செய்தவர் தானே என்று கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். வேலை சுருக்கமாக முடிந்தது என்ற மனநிறைவோடு திரும்பினேன். அந்த மனிதரைப் பற்றி முன்பு தெரியாத எதை இப்போது தெரிந்துகொண்டீர் என்று மேலதிகாரி கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"கேள்விக்குள்ளை பதிலை வைச்சுக் குடுத்தீரெண்டா, நீர் வைச்சதைத்தான் அவை திருப்பித் தருவினம், தம்பி" என்றார். "பேரைச் சொல்லாதையும். பேரைக் கேளும்."

அவர் வகுத்த நடைமுறையை இங்கே பதிவு செய்கிறேன். முதலில் ஆளைப் பார்க்கக் கூடாது, தாளைப் பார்க்க வேண்டும்: அந்தக் கடிதம் நாங்கள் அனுப்பியதுதானா என்பதை எங்கள் பதிவேட்டில் தேடி உறுதி செய்ய வேண்டும். அடுத்து, வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருப்பவர் எப்படியாவது சீக்கிரம் முடித்துக்கொண்டு போகவே பதில் சொல்வார் என்பது அவர் கருத்து. பிறகு அடையாள அட்டை. அதன் பிறகு கட்டைவிரல் ரேகையைப் பார்க்கும் சிறு கருவி. மூன்று முறை வைத்தும் ரேகை பொருந்தாவிட்டால் வாய்மொழிக் கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் திறந்த கதவாக இருக்க வேண்டும். வந்தவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். நமக்கு வசதியான சொல்லை எழுதக் கூடாது. எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டிய பின்பே கையொப்பம்.

இந்த நடைமுறையில் ஒரு படி மட்டும் பின்னர் சேர்ந்தது. அதைச் சேர்த்தவர் குனோங் ராபாட்டைச் சேர்ந்த ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர். அவரிடம் பெயரைச் சொல்லும்படி கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போன்ல ஒருத்தன், வரி ஆபீஸ்லேருந்து பேசறேன்னு உங்கள மாதிரியே மரியாதையாத்தான் பேசுனான்லா. கடைசில பார்த்தா திருடன். மொதல்ல உங்க கார்டக் காட்டுங்க, நான் பாக்குறேன்."

அரசு அலுவலகத்துக்குள், அரசு நாற்காலியில் அமர்ந்திருக்கும் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாரே என்று எனக்குச் சினம் வந்தது. மேலதிகாரியிடம் முறையிட்டேன். அவர் எழுந்து வந்து, தம் பணி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அந்த ஓட்டுநரிடம் நீட்டினார். ஓட்டுநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படத்தில் முடி இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்றார். பழைய படம் என்று மேலதிகாரி விளக்கம் தந்தார். அன்று முதல், வருபவரிடம் எதையும் கேட்பதற்கு முன் எங்கள் பணி அட்டையை அவர் பார்க்கும்படி வைப்பது எங்கள் முகப்பின் வழக்கமாயிற்று.

இனி, நான் தள்ளிப்போட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை முற்பகலில் அஞ்சலை அம்மாள் என்பவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். பாகான் டத்தோ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் உரம் போட்டவர். பின்னர் குனோங் ராபாட்டில் மகள் வீட்டுக்கு வந்து, ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். கடிதம் எங்களுடையதே. அவருடைய அடையாள எண்ணின் கீழ் இரண்டு முதலாளிகள் ஒரே காலத்துக்கு விவரம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் அந்தச் சிற்றுண்டிச்சாலையைப் புதிதாக எடுத்து நடத்துபவர். மற்றது ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலை. இரண்டையும் சேர்த்தாலும் வரி விதிக்கும் அளவுக்கு வரவில்லை. யார் அந்த ஆள் என்பது மட்டுமே கேள்வி.

கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னேன். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், பொருந்தவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. அவர் தம் விரலை விளக்கொளியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரேகையெல்லாம் பனமரத்துக்கு உரமாப் போட்டாச்சு ஐயா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெறுங்கையால் உரம் வீசிய தலைமுறையின் விரல்கள் அப்படித்தான் இருக்கும்.

வாய்மொழிக் கேள்விகளைத் தொடங்கினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், முன்பிருந்த முகவரி. தடங்கலின்றிச் சொன்னார். எங்கெங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தைச் சொன்னார். சிற்றுண்டிச்சாலையைச் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். நான் காத்திருந்தேன். கடிதத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருந்தது. மகள் அவருக்குப் படித்துக் காட்டியிருப்பார். அவர் தம் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் நகரங்களுக்கு வந்தபோது, குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கவில்லை. அட்டை உள்ள அக்காள் இல்லாத தங்கைக்குக் கொடுப்பாள். திருமணத்துக்குச் சேலை இரவல் கொடுப்பது போலத்தான் அதை எண்ணினார்கள். தொழிற்சாலையில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நகலில் எல்லா முகமும் கறுப்பாகத்தான் விழும். என் சிற்றன்னையும் அப்படி ஒருவர் பெயரில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர். அட்டையை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது அன்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் வேறு வழியில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு பெண்களும் விசாரணைக்கு நிற்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி என் கையில் இருந்தது. முகப்பில் அதுவரை கழித்த பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் மீறாத விதியை அப்போது மீறினேன்.

"கெண்டீன் லீவு விடுற நாள்ல அந்தக் கையுறை பேக்டரிக்கும் நீங்கதானம்மா போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

ஒரு தலையசைப்புப் போதும். பள்ளி விடுமுறையில் செய்த வேலை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கும் விளங்கியது.

"இல்ல ஐயா. அது நான் இல்ல. எந்தங்கச்சி பாக்கியம்" என்றார். "நாந்தான்னு சொல்லிட்டா இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிரலாம். ஆனா என் கார்டுல அங்க வேலை செஞ்ச இந்தப் பதினோரு வருசமும் அவ எங்க இருந்தான்னு நாளைக்குக் கேட்டா, யாரு ஐயா வந்து சொல்லுவா?"

பிறகு அவர் விவரமாகச் சொன்னார். பாக்கியம் அவரைவிட எட்டு வயது இளையவர். குடும்பம் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிய வாரத்தில் பிறந்தவர். பழைய தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரெசர், புதிய இடத்தில் பதிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார். புதிய தோட்டத்தில் இருந்தவர், பழைய இடத்திலேயே பதிந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். பிறப்புப் பதிவு இல்லை; ஆகவே அடையாள அட்டை இல்லை. பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, இத்தனை ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டார்கள். அவரிடம் இருந்த சான்று அந்தத் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டுகள் மட்டுமே. அவை அனைத்திலும் அக்காளின் பெயர். விண்ணப்பம் திரும்பிவிட்டது. மறுபடியும் விண்ணப்பித்திருந்தார்கள்.

அஞ்சலை அம்மாளுக்கு எங்கள் கடிதம் வந்தபோது மகள் அழுதாராம். இவரோ அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். தம் பெயரில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று அரசாங்கமே எழுதிய முதல் தாள் அது என்றார்.

நான் எழுந்து போய் மேலதிகாரியை அழைத்து வந்தேன். அவர் முகப்பின் வெளிப்புறம் வந்து, அந்த அம்மாளின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அவர் அப்படி அமர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இதை எழுதிக் கொடுத்தால் நேரக்கூடியவற்றை ஒன்றுவிடாமல் சொன்னார். இன்றே எழுத வேண்டியதில்லை, வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வரலாம் என்றும் சொன்னார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எழுதிக் குடுத்தா, தங்கச்சி இங்கதான் இருந்தாள்னு ஆயிருமா ஐயா?"

"ஆகுமெண்டு நான் சொல்லேலாது, அம்மா. நீங்கள் சொன்னதை நாங்கள் பதிஞ்சு வைச்சிருக்கிறம் எண்டு மட்டும் ஆகும்."

"அது போதும். எழுதுங்க."

வாக்குமூலத்தை மலாயில் எழுதினேன். தமிழில் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் அவர் திருத்தினார். தொழிற்சாலையில் பாக்கியம் பெட்டி கட்டும் பிரிவில் இருந்ததாக எழுதியிருந்தேன். கட்டும் பிரிவு அல்ல, கையுறையை ஊதிப் பார்த்து ஓட்டை தேடும் பிரிவு என்றார். அப்படியே எழுதச் செய்தார். அடையாள எண் இல்லாத ஒருவரின் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. மேலதிகாரி குறிப்புப் பகுதியைச் சுட்டிக்காட்டினார். அங்கே முழுப் பெயரையும் எழுதினேன்.

பிறகு அவர் அடிக்கோலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். 'கேட்கப்பட்டபோது அவர் கூறியதாவது' என்ற வரிக்குக் கீழே கோல் நின்றது.

"என்ன கேட்டனீர்?" என்றார்.

வேறு எங்காவது வேலை செய்தீர்களா என்று கேட்டேன், சார் என்றேன்.

அது பொய். ஓய்வூதியத்துக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. பணிப் புத்தகத்தில் கறை விழும் என்று அஞ்சினேன். அஞ்சலை அம்மாள் எங்கள் இருவருக்கும் அருகிலேயே அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோல் நகர்ந்தது.

அஞ்சலை அம்மாள் அன்றே காவல் நிலையத்தில் தாமே புகார் கொடுத்தார். சகோதரிகள் இருவரும் விசாரிக்கப்பட்டார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். பாக்கியம் அந்தத் தொழிற்சாலை வேலையை இழந்தார். வாக்குமூலத்தின் சான்றிட்ட நகல் அவருடைய விண்ணப்பத்தோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு மேலதிகாரி ஓய்வு பெற்று, வெளிநாட்டிலுள்ள மகளிடம் போய்விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். அந்த நிகழ்ச்சியை எவரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் குனோங் ராபாட் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரோ ஐயா என்று அழைத்தார்கள். அஞ்சலை அம்மாள். நலம் விசாரித்தார், கீரைக்காரரிடம் எனக்காக அரைக்கட்டு கூடுதலாக வாங்கியும் கொடுத்தார். தங்கையின் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நேர்முகத்துக்கு இருவரையும் அழைத்தார்களாம். அங்கிருந்த அதிகாரி வாக்குமூலத்தை இருமுறை படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம்.

"'எழுதுனவரும் தமிழரு. பாவம் பார்த்து அவரே உனக்குச் சொல்லிக் குடுத்தாரா'ன்னு கேட்டாங்க ஐயா."

அந்த அதிகாரி கேட்டது முறையான கேள்வியே. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"இல்லன்னு மட்டும் சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நீங்க சொல்லிக் குடுத்தது வேற மாதிரிலா" என்று சொல்லி, கீரைக்கட்டை என் பையில் வைத்தார். "அத முழுசாச் சொன்னா உங்க பேரு கெட்டுப் போயிரும்ல. அதான் வாய மூடிக்கிட்டேன்."

முடிவு இன்னும் வரவில்லை. தம் தங்கையின் இருப்பை மெய்ப்பிக்கக்கூடிய பலமான வாதம் அவர் கையில் இருந்தது. அதை என் மானத்துக்காக அவர் பயன்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் உறுதிமொழி ஆணையர் முன் சத்தியப் பத்திரம் ஒன்றில் கையொப்பமிட்டேன். அதை விண்ணப்பத்தோடு சேர்க்கும்படி அஞ்சலை அம்மாளிடம் கொடுத்தேன். அவர் முதலில் வாங்க மறுத்தார். ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது என் கவலை என்று சொல்லி அவர் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நகலை என் பழைய அலுவலகத்துக்கும் இன்னொன்றைத் திரு. சிற்றம்பலத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அவரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

அந்தப் பத்திரத்தில் உள்ளதை இங்கும் எழுதுகிறேன். அஞ்சலை அம்மாளுக்கு நான் ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்தது உண்மை. நான் சொல்லிக்கொடுத்த பதில் பொய்யானது, அவருக்கு வசதியானது. அவர் அதை மறுத்து, தமக்குத் தீங்கு தரக்கூடிய பதிலைத் தாமாகவே சொன்னார். என் மேலதிகாரி கேட்டபோது நான் என் கேள்வியை மறைத்தேன். அலுவலகக் கோப்பில் இருப்பது அவருடைய பதில் மட்டுமே. நான் கேட்ட கேள்வி அங்கே இல்லை.

ஐயா, அம்மையீர், கோப்புகளுக்கு ஓர் ஆயுள் உண்டு. குறித்த காலம் முடிந்ததும் அழிக்கப்படும். சத்தியப் பத்திரமும் வழியில் எங்காவது தவறிப்போகலாம். பாக்கியத்தின் விண்ணப்பம் இன்னும் எத்தனை ஆண்டுகள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை நான் இருப்பேனா என்பதும் தெரியாது. உண்மைப் பெயர்களையும் கோப்பு எண்ணையும் தனித் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி இத்துடன் இணைத்துள்ளேன். கட்டுரையை மலரில் வெளியிடுவதும் விடுவதும் தங்கள் விருப்பம். ஆனால் என் கையெழுத்தில் உள்ள இந்தத் தாள்களையும் அந்த உறையையும் வட்டத்தின் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து, அந்தச் சகோதரிகளில் எவர் வந்து கேட்டாலும் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெருமாள்
ஓய்வுபெற்ற எழுத்தர், ஈப்போ